அந்தப் படிவங்கள் வெறுமையாக வரவில்லை

பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கான சுயதொழில் உதவிக்கு மின்னஞ்சலில் படிவம் வாங்கிய அலுவலகத்தின் பொறுப்பதிகாரி அவர்களுக்கும், இதே முறையில் இனிப் படிவம் அனுப்பவிருக்கும் ஏனைய அலுவலகங்களின் பொறுப்பதிகாரிகளுக்கும்,

போன மாதம் உங்கள் பட்டியல் கிராம அலுவலரின் அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டது. விடுபட்டவர்களுக்கு நீங்கள் தந்த காரணம் ஒரே ஒரு வரி: "படிவம் முழுமையாக நிரப்பப்படவில்லை." அந்த வரி உண்மையில்லை. அந்தப் படிவங்களில் சிலவற்றை நிரப்பிக் கொடுத்தவள் நான். பிறகு உங்கள் அலுவலகக் கணினியில் அவற்றைத் திறந்து பார்த்தவளும் நான்தான்.

ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குக் கிட்ட ஒரு சின்ன கொமினிகேசன் வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, ரைப்பிங், ரீலோட், ஈமெயில். அனலைதீவு, எழுவைதீவுப் பக்கத்திலிருந்து படகில் வந்து இறங்குபவர்கள் அரச அலுவல் என்றால் முதலில் என் கடைக்குத்தான் வருவார்கள். உங்கள் படிவம் அவர்களுடைய போனுக்கு வைபரிலும் வட்ஸ்அப்பிலும் வந்து சேர்ந்தது. அதைத் திறக்கத் தெரியாமல், திறந்தாலும் எழுத முடியாமல், எழுதினாலும் சேமிக்க முடியாமல் வந்தார்கள். ஒரு மாதத்துக்குள் 63 படிவங்கள் நிரப்பி அனுப்பினேன்.

அதன் பிறகு, தரவு பதிய ஆள் தேவை என்று உங்கள் அலுவலகத்திலிருந்து என்னைக் கேட்டார்கள். 3 கிழமை நாட்சம்பளத்துக்கு வந்து இருந்தேன். அப்படித்தான் ஒரே படிவத்தின் இரண்டு கரையையும் பார்க்கும்படி ஆயிற்று. இங்கே யாருடைய பெயரையும் விவரத்தையும் எழுதப் போவதில்லை. நான் சொல்லும் எண்ணிக்கைகளை வேலை முடிந்த அன்றே உங்கள் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். "பட்டியல் மேலே போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய ஏலாது" என்றார். அந்தப் பதிலோடு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நடந்தது இதுதான். வந்த படிவங்களையெல்லாம் ஒரு கோப்புறையில் போட்டு, அடோபி அக்ரோபாட் என்ற பிடிஎஃப் மென்பொருளின் கட்டணப் பதிப்பில் இருக்கிற வசதியால் ஒரே தடவையில் அட்டவணையாக எடுத்தீர்கள். நல்ல வசதிதான். ஒவ்வொரு படிவமும் ஒரு வரிசையாக, ஒவ்வொரு கட்டமும் ஒரு நிரலாக வந்து விழும். ஆனால் 57 வரிசைகள் ஒன்றுமே இல்லாமல் வந்தன. அந்த 57 பேரும் "முழுமையாக நிரப்பாதவர்கள்" ஆனார்கள். அந்தக் கோப்புகளை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

நான் திறந்து பார்த்தேன். முதலாவதாகத் திறந்த கோப்பில் பெயர் இருந்தது, அடையாள அட்டை இலக்கம் இருந்தது, வங்கிக் கணக்கு இலக்கம் இருந்தது. தேவைப்படும் உபகரணம் என்ற இடத்தில் "தையல் மெசின் 1, ஓவர்லொக் மெசின் 1" என்று இருந்தது. அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு பகீரென்றது. அது என் கடையில், அந்த அக்கா பக்கத்துக் கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல நானே ரைப் பண்ணிய வரி. கட்டத்தின் மேல் மவுசைக் கொண்டுபோனேன். எழுதும் இடமென்றால் அம்புக்குறி மாறவேண்டும். மாறவில்லை. எழுத்தெல்லாம் தாளோடு ஒட்டிய படம்போலக் கிடந்தது. கட்டம் என்று ஒன்று அந்தக் கோப்பில் மிஞ்சியிருக்கவில்லை.

ஏன் அப்படி? உங்கள் படிவம் ஒரு பிடிஎஃப் கோப்பு. அந்தக் கோப்பு வகையை அடோபி நிறுவனம் 1993இல் கொண்டுவந்தது. எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த இயந்திரத்தில் அச்சடித்தாலும் தாள் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். கட்டத்தில் எழுதும் வசதி சில வருடம் கழித்து மேலே சேர்ந்தது. கண்ணுக்குத் தெரியும் தாள் ஒன்று, கட்டங்களுக்குள் இருக்கும் தரவு இன்னொன்று. நிரப்பிய படிவத்தைச் சேமிக்க முடியாதபோது, "பிரிண்ட்" கொடுத்து அதைப் புதிய பிடிஎஃப் ஆக எடுத்தால் தாள் அப்படியே வரும். தரவு போய்விடும். போனில் தாளின் மேல் எழுத்தை ஒட்டுகிற செயலிகளும் அதைத்தான் செய்கின்றன. பார்க்கிற மனிதருக்கு நிரம்பிய படிவம், அட்டவணை எடுக்கிற இயந்திரத்துக்கு வெற்றுப் படிவம்.

அந்த 57இல் 11 என் கடையிலிருந்து போனவை. உங்கள் படிவத்தில் தமிழில் எழுதிச் சேமித்தால், திரும்பத் திறக்கும்போது எழுத்துக்குப் பதிலாகச் சதுரங்கள் வந்தன. ஒரு சிலதில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நின்றது. கட்டங்களுக்குத் தமிழ் எழுத்துரு கொடுக்காமல் படிவத்தைச் செய்திருக்கிறார்கள். பெயர் பிழையாகப் போய்விடக்கூடாதே என்று பிரிண்ட் வழியாகப் பிடிஎஃப் எடுத்து அனுப்பினேன். திரையில் எல்லாம் வடிவாகத் தெரிந்தது. அது அவர்களுக்கு வினையாக முடியும் என்று எனக்கு அப்போது தெரியாது. அந்த 11 பேருக்கும் வீட்டுக்குப் போயும் போன் எடுத்தும் விஷயத்தைச் சொல்லியிருக்கிறேன். நான் சொன்னதுபோல நீங்களும் அவர்களுக்குச் சொல்லவேண்டும்.

இதற்கு நேர்மாறான கூத்தும் நடந்தது. தெரிவுக் குழுவுக்கென்று படிவங்களை அச்சடித்தபோது 9 படிவங்கள் வெறும் தாளாக வெளியே வந்தன. அட்டவணையிலோ அந்த 9 பேரின் விவரமும் ஒரு எழுத்துக் குறையாமல் இருந்தது. ஒன்றைக் கணினியில் திறந்து பெயர்க் கட்டத்தில் கிளிக் பண்ணினேன். பெயர் வந்தது. பக்கத்தில் கிளிக் பண்ணினேன். மறைந்தது. திரும்பவும் கிளிக் பண்ணினேன், திரும்பவும் வந்தது. பக்கத்து மேசை உத்தியோகத்தரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் இரண்டு தடவை செய்து பார்த்தார். சில செயலிகள் எழுத்தைக் கட்டத்துக்குள் வைத்துவிட்டு, அதைத் திரையில் எப்படிக் காட்டுவது என்ற பகுதியை எழுதாமல் விட்டுவிடும். தரவு உள்ளேதான் இருக்கிறது. தாளைப் பார்த்த குழுவோ அவற்றைத் தள்ளி வைத்துவிட்டது.

ஆக 57ம் 9ம் 66 பேர். இவர்களில் ஒருவர்கூட வெறுமையான படிவம் அனுப்பவில்லை.

இதில் என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. மின்னஞ்சல் சரிவராது என்று, படிவத்தை அச்சடித்துப் பேனாவால் எழுதி, போனில் படமெடுத்து அனுப்பியவர்கள் இருந்தார்கள். அவற்றைக் கையால் பதியத்தான் என்னைக் கூப்பிட்டீர்கள். அவர்கள் எல்லாருடைய பெயரும் அட்டவணையில் ஏறிவிட்டது. "கணினியிலோ கைத்தொலைபேசியிலோ நிரப்பி அனுப்பவும்" என்ற உங்கள் அறிவுறுத்தலை மதித்து, படகுக்கும் பஸ்ஸுக்கும் கடைக்கும் காசு கொடுத்து, நீங்கள் சொன்னபடி செய்தவர்கள்தான் விழுந்தார்கள்.

தையல் மெசின் கேட்ட அந்த அக்கா மூன்று தரம் கடல் கடந்து வந்தவர். முதல் நாள் வங்கிப் புத்தகம் கொண்டுவரவில்லை. இரண்டாம் நாள் கரண்ட் இல்லை. மூன்றாம் நாள்தான் அனுப்பினோம். அனலைதீவிலிருந்து வந்து போவதென்றால் அன்றைய நாள் முழுக்கப் போய்விடும். அன்றைக்கு அவருக்கு வேறு உழைப்பில்லை. பட்டியலைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்தவர் என்னைப் பேசவில்லை. "பிள்ளை, நாங்கள் எல்லாம் எழுதித்தானே அனுப்பினனாங்கள்? நீரும் பக்கத்தில இருந்தனீர்தானே?" என்று கேட்டார். அவ்வளவுதான். படிக்காதவள் பிழை விட்டிருப்பாள் என்று ஊர் கதைக்கும், அதுதான் அவருக்குப் பயம்.

படிவத்தைச் செய்த விதத்திலும் பிழைகள் இருக்கின்றன. பிள்ளைகளின் பெயருக்கு 4 வரிகள் வைத்திருக்கிறீர்கள். முதல் வரியில் மூத்த பிள்ளையின் பெயரை எழுதினால் நாலு வரியிலும் அதே பெயர் வந்து நிற்கும். இரண்டாவதை மாற்றினால் நாலும் மாறும். ஒரு கட்டத்தைச் செய்துவிட்டு அதையே பிரதி எடுத்து ஒட்டியவர், கட்டத்தின் உட்பெயரை மாற்றாமல் விட்டதால் வந்த வினை. பிடிஎஃப் படிவத்தில் ஒரே பெயருள்ள கட்டங்கள் எல்லாம் ஒன்றாகவே மாறும். அட்டவணையில் ஒரு பிள்ளைதான் பதிவாகும். தங்கி வாழ்பவர்களின் எண்ணிக்கைக்குப் புள்ளி கொடுக்கிற திட்டத்தில், நாலு பிள்ளையோடு இருக்கிற தாய்க்கு ஒரு பிள்ளைக்குரிய புள்ளிதானே விழுந்திருக்கும்? எல்லாரையும் திரும்பக் கேட்காமல் இதைத் திருத்த வழியே இல்லை. மற்றக் கட்டங்களுக்கும் பெயர் வைக்கவில்லை. அட்டவணையின் தலைப்புகள் "டெக்ஸ்ட் 1", "டெக்ஸ்ட் 14" என்று வந்தன. எது தொலைபேசி, எது கணக்கு இலக்கம் என்று நாங்கள் ஊகித்துத்தான் எழுதினோம்.

"சமர்ப்பிக்க" என்று அடியில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் கணினியில் உள்ள மின்னஞ்சல் மென்பொருளைத் திறக்கப் பார்க்கும். அப்படி ஒன்று அமைத்து வைக்காத கணினியில் அது வேலை செய்யாது. போன்களில் அழுத்திப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. போய்விட்டது என்று நம்பி வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று எனக்கோ உங்களுக்கோ தெரியாது. அவர்கள் அந்த 66க்குள்ளும் இல்லை.

"இந்த மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்பவும்" என்றும் எழுதியிருந்தீர்கள். அதன்படி என் கடை முகவரியிலிருந்து போனவை எல்லாம் ஜிமெயிலில் ஒரே உரையாடலாகக் கோர்த்து நின்றன. எல்லாவற்றிலும் இணைப்பின் பெயரும் ஒன்றேதான். தரவிறக்கியபோது அடைப்புக்குள் ஒன்று, இரண்டு என்று எண் விழுந்ததே தவிர, எது யாருடையது என்று கோப்பைத் திறக்காமல் சொல்ல முடியாது. மேலே தெரிந்த ஒன்றை மட்டும் இறக்கிவிட்டுக் கீழே உள்ளவற்றை விட்ட இடங்களும் இருந்தன. நான் இருந்த நாட்களில் கண்டதை எடுத்துச் சேர்த்தேன். எல்லாவற்றையும் கண்டேன் என்று சொல்லமாட்டேன்.

அட்டவணை எக்செலுக்குப் போன பிறகு இலக்கங்கள் கெட்டன. 2016இலிருந்து புதிய அடையாள அட்டைக்கு 12 இலக்கம். எக்செல் அதைப் பெரிய எண் என்று நினைத்து "1.98ஈ+11" என்று சுருக்கிவிடும். அந்த நிலையில் கோப்பை வேறு வடிவத்தில் சேமித்தால் அசல் இலக்கம் போனதுதான். தொலைபேசி இலக்கத்தின் முன்னால் உள்ள சைபர் போய்விட்டது. கணக்கு இலக்கத்தின் முன்னால் உள்ள சைபரும் போய்விட்டது. நிரலை முதலிலேயே "உரை" என்று குறித்திருந்தால் இவை நடந்திராது, ஒரு நிமிட வேலை. இதில் இன்னொன்றும் இருக்கிறது. நம் அடையாள அட்டை இலக்கத்துக்குள் பிறந்த ஆண்டும் ஆண்டின் எத்தனையாம் நாள் என்பதும் இருக்கின்றன. பெண்களுக்கு அந்த நாள் எண்ணோடு 500 கூட்டியிருக்கும். பெண்களுக்கான திட்டத்தில் நாள் எண் 500க்குக் குறைவாக வந்தால் இலக்கம் எங்கேயோ பிழைத்திருக்கிறது என்று உடனே தெரியும். அதைப் பார்க்க ஒரு சூத்திரம் போதும். பார்த்திருந்தால் பிழையைக் கண்ட அன்றே ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாம்.

இனி, எனக்கு இரவில் நித்திரை வராமல் செய்த விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் படிவத்தில் "கணவரின் நிலை" என்று ஒரு கட்டம். இறந்தவர், பிரிந்து வாழ்பவர், காணாமல் ஆக்கப்பட்டவர். ஒரு பெண் அதை வாய்விட்டு என்னிடம் சொல்லும்போது போட்டோகொப்பிக்கு வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கும். சிலர் பதில் சொல்லாமல் திரையில் விரலை வைத்துக் காட்டினார்கள். அந்தக் கோப்பு என் கடைக் கணினியில் இருந்தது, என் ஈமெயிலின் அனுப்பியவை பெட்டியில் இருந்தது, நடுவில் யார் யாருக்கு வட்ஸ்அப்பில் போனதோ அவர்களின் போனிலும் இருந்தது. நான் ஒவ்வொரு நாளும் கடை பூட்டுமுன் அழித்தேன். அழிக்கும்படி எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. உங்கள் அலுவலகத்தில் அவை வந்து விழுந்த முகவரி ஒரு இலவச ஜிமெயில். அதன் கடவுச்சொல் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் துண்டில் இருந்தது. நாட்சம்பளத்துக்கு வந்த எனக்கு அது முதல் நாளே தெரிந்தது என்றால் வேறு யாருக்கெல்லாம் தெரியும்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றைப் பாராளுமன்றம் நிறைவேற்றி வைத்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், அந்தப் பெண்கள் ஊருக்குள் தலைநிமிர்ந்து நடக்கவேண்டும் என்ற ஒன்றுக்காகவே இந்தக் கவனம் வேண்டும்.

மின்னஞ்சலில் படிவம் வாங்குவதே பிழை என்று நான் சொல்லவரவில்லை. யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. அந்த 15 இடத்துக்கும் ஒரே படிவத்தை அனுப்பி, கணினியில் நிரப்பி வாங்கி, ஒரே தடவையில் அட்டவணை எடுப்பது நல்ல முறை. மேசைக் கணினியும் ஒரே மென்பொருளும் பழகிய உத்தியோகத்தரும் அங்கே உண்டு. 435 கிராம அலுவலர் பிரிவுகளில் சிதறியிருக்கிற, வேறு வேறு மலிவு போன்களை வைத்திருக்கிற குடும்பங்களிடம் அதே முறையைக் கொண்டுபோனதுதான் பிழை. இணையத்தில் நேரடியாக நிரப்பும் படிவத்துக்கு மாறலாம் என்று உங்கள் உத்தியோகத்தர் ஒருவர் சொன்னார். யாழ்ப்பாண நகரத்தில் அது சரிவரும். தீவுப் பக்கத்தில் சிக்னல் ஒரு கோடு காட்டும், பிறகு அதுவும் இராது. கோபோ டூல்பொக்ஸ், ஓடிகே போன்ற செயலிகளில் இணையம் இல்லாத இடத்திலும் பதிந்து வைத்து, சிக்னல் வந்ததும் அனுப்பலாம். உங்கள் வெளிக்கள உத்தியோகத்தர்கள் எப்படியும் வீடு வீடாகப் போகிறவர்கள். அவர்கள் கையில் ஒரு போனைக் கொடுத்தால், படகேறி என் கடைக்கு வரவேண்டிய தேவை அந்தப் பெண்களுக்கு இல்லை. எனக்குப் படிவம் ஒன்றுக்குக் கிடைக்கிற காசு இல்லாமல் போகும். போகட்டும்.

நான் கேட்பவை இவை. அந்த 66 கோப்புகளும் இன்னும் உங்கள் மின்னஞ்சல் பெட்டியில் இருக்கின்றன. இரண்டு கிழமைக்குள் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, கண்ணால் பார்த்து, கையால் பதிந்து, மற்றவர்களுக்குக் கொடுத்த அதே புள்ளித் திட்டத்தில் மதிப்பிடுங்கள். அந்தப் பெண்களைத் திரும்ப விண்ணப்பிக்கச் சொல்லாதீர்கள், அவர்கள் தங்கள் பங்கைச் செய்து முடித்துவிட்டார்கள். ஆள் வேண்டுமென்றால் நான் சம்பளம் இல்லாமல் வந்து இருக்கிறேன்.

பிள்ளைகள் விவரத்தில் ஒரே பெயர் விழுந்த எல்லாக் குடும்பங்களுக்கும் போன் எடுத்து, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுத் திருத்துங்கள். மெசின் கிடைத்தவர், கிடைக்காதவர் என்று பாராமல் எல்லாருக்கும். படிவம் அனுப்பினோம் என்று சொல்லி வருகிறவர்களின் பெயரைப் பட்டியலில் காணவில்லை என்றால், அந்த "சமர்ப்பிக்க" பொத்தானை நினைத்துக்கொண்டு அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

"படிவம் முழுமையாக நிரப்பப்படவில்லை" என்ற வரியை மீளப்பெற்று, அலுவலகத்தின் தொழில்நுட்பப் பிழையால் பெயர்கள் விடுபட்டன என்று அதே பலகையில், அதே அளவு எழுத்தில் ஒட்டுங்கள்.

இனிமேல் எந்தப் படிவத்தை அனுப்புமுன்னும் அதை 5 வேறு வேறு போன்களில், தமிழில் நிரப்பி, அனுப்பி, அட்டவணை எடுத்துப் பாருங்கள். தீவுப் பகுதியிலிருந்து இரண்டு மூன்று பெண்களைக் கூப்பிட்டு அவர்கள் கையால் நிரப்பச் செய்யுங்கள். படிவம் வந்து சேர்ந்ததும் ஒரு தொடரிலக்கத்தோடு, "உங்களிடமிருந்து எங்களுக்குக் கிடைத்த விவரம் இது" என்று பதில் அனுப்புங்கள். யாரையும் தள்ளுமுன் ஒரு தொலைபேசி அழைப்பும் 14 நாள் அவகாசமும் கொடுங்கள். கணவரின் நிலை போன்ற கேள்விகளை மின்னஞ்சல் படிவத்திலிருந்து எடுத்துவிட்டு, உங்கள் உத்தியோகத்தர் நேரில் கேட்டுப் பதியட்டும். அந்த ஜிமெயில் முகவரியின் கடவுச்சொல்லை இன்றைக்கே மாற்றுங்கள்.

இரண்டு கிழமைக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தங்கள் கோப்பைத் திறந்து பார்த்தது யார், எந்தத் திகதியில், என்ன காரணத்தால் தள்ளப்பட்டது என்று அந்தப் பெண்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக விண்ணப்பிப்பார்கள். அந்த விண்ணப்பங்களைப் பேனாவால், தாளில் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்புவோம். என் கடையில் இருந்து காசில்லாமல் எழுதிக் கொடுப்பேன் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒருத்தி,
ஊர்காவற்றுறை.